கேட் தவறாமல் மூடும் ஊர்

தம்பி வருஷத்துக்கு இரண்டு முறை போன் செய்வான், அதுவும் இரண்டு நிமிஷம்தான். அதனால் புதன்கிழமை காலை, வேலை மும்முரத்தில் அவனுடைய எண் செல்போனில் மின்னியதும் அக்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

அக்கா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். பெரிய டாக்டர் முதல் வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். நரம்பே பிடிபடாத கையிலும் முதல் குத்திலேயே எடுத்துவிடுவாள் என்று பேர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அப்போது ஒரு தடித்த மனிதரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியிருந்தாள். "ஒரு நிமிஷம் கையை மடக்கியே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை சும்மாதான இருக்க?"

"யாருக்கு என்னடா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிருக்குல்ல, சம்பந்தி வீட்டுல எல்லாரும் சேந்து ஒருநாள் வெளிய போலாம்னு சொல்றாங்க. பொண்ணோட அத்தை வரலையான்னு அந்தம்மா கேட்டுட்டாங்க. நீயும் வந்துடு."

கேட்டுவிட்டார்கள், அதனால் கூப்பிடுகிறான். கல்யாணம் முடிவான சேதியே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

"இன்னொண்ணு" என்று தம்பி குரலைத் தாழ்த்தினான். "அப்பா பத்தி யாராவது கேட்டா, எனக்கு ஆறு வயசுல காய்ச்சல்ல போயிட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ பாட்டுக்கு எதையாவது உளறிடாத."

அப்பா செத்தபோது தம்பிக்கு முப்பத்தொரு வயது. காய்ச்சலும் இல்லை. சாவுக்குத் தம்பி வரவில்லை.

அப்பா ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். ஊருக்கு வெளியே, தார் ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் கேட். கேட்டை ஒட்டி ஒற்றை அறை வீடு. அந்த வீட்டில்தான் அவர்கள் நான்கு பேரும் இருந்தார்கள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கேட் திறந்திருந்த நேரத்தில் சரக்கு வண்டி வந்துவிட்டது. தண்டவாளத்தின் மேல் ஒரு பஸ் நின்றிருந்தது. பதினோரு பேர் செத்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் போன் பண்ணி, வண்டி வராது, கேட்டைத் திற என்று சொன்னார், அதனால்தான் திறந்தேன் என்றார் அப்பா. நான் போனே பண்ணவில்லை, அவர் தூங்கியிருப்பார் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். மாஸ்டர் சொன்னது எடுபட்டது. அப்பாவுக்கு வேலை போயிற்று. இரண்டு வருஷம் ஜெயில். அம்மா பதினாலு வயதுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. பத்தொன்பது வயதில் அக்காவுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை.

ஜெயிலிலிருந்து வந்த அப்பாவை அக்காதான் வைத்துக்கொண்டாள். மரக்கடையில் பலகை அடுக்கும் வேலை கிடைத்தது அவருக்கு. வந்த மூன்றாவது மாதம், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள். "அப்பா, என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க. கண்ணு அசந்துட்டீங்களா?"

அப்பா அவளைப் பார்த்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு சாகும்வரை கேட் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை வேனில் பத்துப் பேர் போனார்கள். சம்பந்தி மருந்துக்கடை வைத்திருப்பவர். உருண்டையான ஆள், எதற்கும் சிரிப்பு. இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான்.

"எனக்கு ரயில்னா உசுரு. இங்க ஒரு ஊரையே சின்னதா செஞ்சு வச்சிருக்காங்களாம். உள்ள போனா நாமெல்லாம் பூதம் மாதிரி தெரிவோம். யாரும் பலமாத் தும்மிடாதீங்க, வீடெல்லாம் பறந்துடும்."

தம்பியும் சிரித்தான். அவன் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். சிரித்தாலும் சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருப்பது தெரியும்படிதான் சிரிப்பான்.

பஞ்சாலையின் பழைய நூல் கிடங்கு அது. உள்ளே இடுப்பு உயரத்துக்கு மேடை போட்டு, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஊர் ஒன்றைப் பரப்பியிருந்தார்கள். முடிவெட்டும் கடையில் நகக்கண் அளவுக் கண்ணாடி. சைக்கிள் கடை வாசலில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, அதில் நிஜத் தண்ணீர். நூல் கொடியில் காயும் துணிகள். தபாலாபீஸ் கம்பத்தில் காலைத் தூக்கும் நாய். சினிமாக் கொட்டகையில் வரிசை, வரிசையில் ஒரு அடிதடி. இதற்கெல்லாம் நடுவே ரயில்கள் கூவிக்கொண்டு சுற்றி வந்தன.

"அடடா, இந்த மாதிரி பேனாக் கடை எங்க தெருவுல இருந்துச்சு" என்றார் சம்பந்தி. அவருடைய மனைவி குழாயடிப் பெண்களைக் காட்டி, "இவ எங்க பெரியம்மாவேதான்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆளுக்கொன்றைக் காட்டி உருகிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பொம்மை ஊரின் தெருத்தெருவாகத் தேடிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி இல்லை. ஜெயில் இல்லை.

மேடை வளையும் இடத்தில் அவளுக்குக் கால் நின்றுவிட்டது.

தார் ரோடு. சிவப்பு வெள்ளைக் கேட். ஒற்றை அறை வீடு. கூரையில் பூசணிக்கொடி. வாசலில் மூன்று படிகள், நடுப்படி கல் இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் போடும் மரக்கட்டை. கல் உடைந்தபோது அப்பா அதைத்தான் தூக்கிப் போட்டார். வேப்பமரத்தில் ஊஞ்சல், ஒரு பக்கக் கயிறு கொஞ்சம் குட்டை. தம்பி எத்தனை சொல்லியும் அப்பா அதைச் சரிசெய்யவே இல்லை.

தம்பியும் பார்த்துவிட்டான். மறுகணமே சம்பந்தியின் தோளைத் தொட்டான். "வாங்க, அந்தப் பக்கம் பாலம் பிரமாதமா இருக்கு." ஊரை விட்டு ஓடுகிறவன் மாதிரி எல்லோரையும் நகர்த்திக்கொண்டு போனான்.

அக்கா மட்டும் நின்றாள். தடுப்புக் கம்பியில் ஒரு பொத்தான் இருந்தது. ஒரு சிறுமி அதை அழுத்தினாள். மணி அடித்தது. கேட் இறங்கியது. வந்துகொண்டிருந்த பஸ் நின்றது. வீட்டு வாசலில் நின்ற காக்கிச் சட்டைப் பொம்மை பச்சைக் கொடியைத் தூக்கியது. சரக்கு வண்டி தடதடவென்று கடந்து போனது. கேட் ஏற, பஸ் நகர்ந்தது. சிறுமி மறுபடி அழுத்தினாள். மறுபடியும் பஸ் நின்றது. நான்கு முறை அழுத்தினாள், நான்கு முறையும் நின்றது.

"இந்தக் கேட்டுதான் குழந்தைகளுக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கும்" என்றது ஒரு குரல்.

மேடைக்கு உட்பக்கம், கயிற்றுக்கு அப்பால், ரயில்வே தொப்பி போட்ட கிழவர் ஒருவர் விளக்குக் கம்பத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. முகத்தைப் பார்த்திருந்தால் அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. குரல் தெரிந்தது. கோர்ட்டில் மூன்று நாள், போனே பண்ணவில்லை என்று சாதித்த அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"பஸ்ஸுல எத்தனை பேரை வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு" என்றார் அவர் நிமிராமலே. சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

"நடுப்படி மரக்கட்டைன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"அந்த வீட்டுல எத்தனையோ நாள் டீ குடிச்சிருக்கேன்மா. ஏன், நீங்க...?"

"டீ போட்டுக் குடுத்தவ."

கையிலிருந்த தூரிகை கீழே தார் ரோட்டில் விழுந்து மஞ்சள் கோடு போட்டது. அவர் அதை எடுக்கவில்லை. கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "உள்ள வாம்மா" என்றார்.

*

பின்னால் இருந்த அறையில் ஒரு நீள மேசை. பசை வாடை. பொத்தான் பெட்டிகளில் ஜன்னல்கள், கதவுகள். ஒரு தெர்மாகோல் துண்டில் ஊசிகள் குத்தி, ஊசி முனைகளில் மனிதத் தலைகளைக் காயவைத்திருந்தார். அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அவரு பொண்ணா நீ?"

"சொல்லுங்க. போன் பண்ணீங்களா இல்லையா?"

சுற்றி வளைப்பார் என்று நினைத்திருந்தாள். அவர் உடனே சொன்னார்.

"பண்ணேன். அன்னைக்கு ரெண்டு சரக்கு வண்டி. ஒண்ணைப் பின் ஸ்டேஷன்ல நிறுத்தி வச்சிருந்தாங்க. எது நிக்குது, எது வருதுன்னு நான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன். உங்கப்பாவுக்குப் போன் போட்டு, வண்டி வராது, பஸ்ஸை எதுக்கு நிறுத்தி வச்சிருக்க, திறந்து விடுன்னேன். அவரு கேட்டாரு, நிச்சயமா வராதா சார்னு. ரெண்டு தடவை கேட்டாரு. நான்தான் எரிஞ்சு விழுந்தேன்."

"அப்புறம் ஏன் பண்ணலன்னு சொன்னீங்க?"

"முதல் நாள் பயத்துல வாய்க்கு வந்தபடி சொல்லிட்டேன். அப்புறம் சொன்னதை மாத்த முடியல. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க."

"அவருக்கும் ரெண்டுதான்."

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவரு செத்து இருபத்தோரு வருஷம் ஆச்சு" என்றாள்.

"கேள்விப்பட்டேன். அந்த வருஷந்தான் இதைக் கட்ட ஆரம்பிச்சேன். முதல்ல உங்க வீட்டைத்தான் கட்டினேன். உங்கப்பாவை எப்படிச் செஞ்சிருக்கேன் பாத்தியா? கொடியைப் பிடிக்கிற கை அப்படியே அவரு கைதான். அவரு கேட்டை மூடாம ஒரு வண்டியும் என் ஊருல போகாது." சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததை அக்கா கவனித்தாள்.

"இருபத்தோரு வருஷம் உக்காந்து இம்மாம் பெரிய ஊரைக் கட்டத் தெரிஞ்சிருக்கு. அவரு உசுரோட இருந்தப்ப அரைப் பக்கம் எழுதித் தர முடியல. 'நான்தான் சொன்னேன்'னு ரெண்டு வரி. அதை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு மனுஷன் செத்திருப்பாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அரைப் பக்கம் எழுதாதவர் இவர். ஆனால் கண் அசந்துட்டீங்களா என்று கேட்டது இவர் இல்லை.

"என் தம்பி வந்திருக்கான்" என்றாள். "ஜெயிலுக்கு ஒரு தடவைகூட அவன் போய்ப் பாத்ததில்ல. அவன்கிட்ட வந்து இதைச் சொல்லுங்க. அப்புறம் எனக்கு எழுதியும் குடுங்க, விலாசம் குறிச்சுத் தரேன்."

"சொல்றேன். எழுதித் தரேன்." அவர் உடனே எழுந்து நின்றார். எத்தனையோ வருஷமாக யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருந்தவர் மாதிரி தொப்பியை மாட்டிக்கொண்டார். அந்த அவசரத்தைப் பார்த்து அவளுக்கு எரிச்சலாக வந்தது.

*

வாசல் பக்கம் டீ விற்கும் இடத்தில் எல்லோரும் காகிதக் கப்போடு நின்றிருந்தார்கள். தொப்பியைக் கண்டதும் சம்பந்தி கையை நீட்டிக்கொண்டு வந்தார். "நீங்கதான் இதெல்லாம் கட்டினதா? சார், உங்க கையை ஒரு தடவை தொட்டுக்கறேன்."

கிழவர் கையைக் கொடுத்தார். கண் மட்டும் தம்பியின் மேலேயே இருந்தது.

"தம்பி, உங்கப்பா மேல எந்தத் தப்பும் இல்லப்பா. நான்தான்..."

தம்பி அக்காவைப் பார்த்தான். ஒரு கணம்தான். அதற்குள் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கப்பிலிருந்த டீ கட்டைவிரலில் வழிந்தது, அவன் துடைக்கவில்லை.

"பெரியவரே, எங்கப்பா எனக்கு ஆறு வயசுலயே காய்ச்சல்ல போயிட்டாரு. நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டிருக்கீங்க."

"நீ கேட் வீட்டுப் பையன்தான? அந்த ஊஞ்சல்ல..."

"எங்களுக்கு எந்தக் கேட்டும் தெரியாது." தம்பி சம்பந்தி பக்கம் திரும்பி, "வயசாச்சுல்ல" என்று சிரித்தான்.

சம்பந்தி சிரிக்கவில்லை. அவருடைய மனைவி அக்காவிடம் கேட்டாள். "நீங்கதான இவரைக் கூட்டிட்டு வந்தீங்க? என்ன விஷயம்?"

அக்கா வாயைத் திறந்தாள். கொஞ்சம் தள்ளி, கல்யாணப் பெண் தன் செல்போனில் எடுத்த படத்தை மாப்பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். படத்தில் இருந்த எதற்கோ இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்தொன்பது வயதில் நின்றுபோன கல்யாணத்தின் துணிமணியெல்லாம் எந்தப் பெட்டியில் கிடந்து மட்கியது என்று அக்காவுக்குத் தெரியும்.

"ஆள் மாறிப்போச்சு" என்றாள். "இவரு யாரையோ தேடறாரு. நான்தான் தப்பாக் கூட்டிட்டு வந்துட்டேன்."

கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேன் நிறுத்தியிருந்த இடத்தில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால், தம்பி அவள் கையைப் பிடித்து ஒரு லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"உனக்கு என்ன வேணும் அக்கா? அத்தனை பேர் முன்னாடி என்னை என்ன செய்யணும்னு கூட்டிட்டு வந்த அந்தாளை?"

"நீ கேக்கணும்னுடா. அப்பா தூங்கல. நிச்சயமா வராதான்னு ரெண்டு தடவை கேட்டிருக்காரு. அந்தாளே சொல்றாரு."

"கேட்டுட்டேன். இப்ப என்ன பண்ணணும்ங்கற?" அவன் கத்தவில்லை, பள்ளிக்கூடத்தில் பேசும் அதே அடங்கிய குரல். "ஜெயில்லேர்ந்து வந்ததும் அவரு மாமா வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. ரெண்டு தடவை. உனக்குத் தெரியுமா? நான்தான் கதவைச் சாத்தினேன். பதினொரு பேரைக் கொன்னவரு உள்ள வரக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அம்மா தடுக்கப் பாத்தாங்க. அப்ப எனக்கு அது சரின்னு இருந்துச்சு. இத்தனை வருஷமும் சரின்னுதான் இருந்துச்சு. அவரு தப்புப் பண்ணலன்னா, நான் யாருக்கா?"

அப்பா மாமா வீட்டுக்குப் போனது அக்காவுக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை. மரக்கடையிலிருந்து அவர் இரண்டு முறை தாமதமாக வீடு திரும்பியது ஞாபகம் வந்தது; எங்கே போனீங்க என்று கேட்காமல் சோற்றைப் போட்டதும் ஞாபகம் வந்தது.

நானும்தான் கண் அசந்துட்டீங்களான்னு அவரைக் கேட்டேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது ஒருவேளை துணையாக இருந்திருக்கும். சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வேன்காரர் ஹாரன் அடித்தார். தம்பி கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்து, லாரியின் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனான்.

*

கிழவரிடமிருந்து எழுத்து வரவில்லை. மூன்று வாரம் கழித்து அவருடைய மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது, பழைய விஷயங்களைக் கற்பனையோடு கலந்து பேசுகிறார், தயவுசெய்து இனி அவரைச் சந்திக்க முயல வேண்டாம் என்று தட்டச்சில் இருந்தது. கூடவே இரண்டு இலவச நுழைவுச்சீட்டுகள். குடும்பத்துடன் எந்த நாளும் வரலாம்.

அக்கா ஒருநாள் லீவு போட்டு ரயில்வே தலைமை அலுவலகத்துக்குப் போனாள். மூன்று மாடி ஏறி, நான்கு மேசை மாறினாள். கடைசி மேசையில் இருந்த குமாஸ்தாப் பெண் பொறுமையாகவே கேட்டாள். "அந்தக் காலத்து ஃபைலெல்லாம் எப்பவோ அழிச்சாச்சும்மா. உங்ககிட்ட ஏதாவது பேப்பர் இருக்கா?"

"இல்ல."

"சொன்னவரு எழுதிக் குடுப்பாரா?"

"மாட்டாரு."

"இப்ப இதைச் சரி பண்ணி யாருக்கும்மா என்ன ஆகப்போகுது?" அந்தப் பெண் இடக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்கா நன்றி சொல்லிவிட்டு மூன்று மாடியும் இறங்கினாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அக்கா போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி அவளைத் தேடி வந்து, சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு என்று விசாரித்தார். ஜோக் எதுவும் அடிக்கவில்லை. ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். தெரிந்தும் கல்யாணம் நின்றுவிடவில்லை. இத்தனை வருஷமாகத் தம்பி எதற்குத்தான் அப்படிப் பயந்தானோ.

தம்பி அன்றைக்கு அவளிடம் பேசவில்லை. ஏழு மாதம் போனும் வரவில்லை. எட்டாவது மாதம், ஒரு காலை, வார்டில் மூன்றாவது கட்டிலுக்கு ரத்தக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். நலம் விசாரிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். கடைசியில அப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

கேட்டார். படுக்கையில் விழுந்த நாற்பது நாளும் கேட்டார். சின்னவனுக்குச் சொல்லி அனுப்பினியா, பஸ் கிடைக்கலையோ என்னவோ, ஸ்கூல்ல லீவு தரமாட்டாங்களோ என்று அவராகவே காரணங்களும் கண்டுபிடித்துச் சொன்னார். கடைசி இரண்டு நாள் பேச்சு நின்ற பிறகும், கதவு திறக்கும்போதெல்லாம் கண் அந்தப் பக்கம் போயிற்று.

"இல்ல" என்றாள் அக்கா. "கேக்கல."

"சரி" என்றான். வைத்துவிட்டான்.

அவன் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாளா, அவனைத் தண்டிக்கச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நின்று யோசித்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கட்டிலில் இருந்த அம்மாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தாள். அக்கா அவள் கையைத் திருப்பி நரம்பைத் தேடினாள். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மூன்று முறை குத்த வேண்டியிருந்தது.